முடிவு எழுதாத கட்டம்

டாசன் கிரீக்
அக்டோபர் 20

அன்பு மகள் லேசிக்கு,

அப்பா நலம். மர ஆலையில் தூக்குகிற வேலை கொஞ்சம் அதிகம். மழை வருவதற்கு முந்தின நாளே முழங்கால் சொல்லிவிடுகிறது. இந்தப் பள்ளத்தாக்கில் செல்போன் எடுக்காததும் நல்லதுதான். உனக்குப் போனில் பேச வராது, ரம்பச் சத்தத்தில் எனக்குப் பாதி கேட்காது. நம் இரண்டு பேருக்கும் தபால் போதும்.

கோர்ட் வேலை பிடித்திருக்கிறதா? நீ பள்ளிக்கூடத்தை விட்டதற்கு உன் அம்மா இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாளா? நிலவறையில் பழைய பதிவேடுகளோடு உட்காருவது உனக்கென்றே செய்து வைத்த வேலை. அவை உன்னை எழுந்து நின்று பதில் சொல்லச் சொல்லாது.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடைக்குப் போய் ஒரு புதுத் துப்பாக்கி கேட்டேன். இதுவரை என்னிடம் வந்ததெல்லாம் வண்டியின் பின்பலகையில் வைத்துக் கைமாறியவைதான். ஒரு பன்றிக்குட்டி கொடுப்போம், இல்லாவிட்டால் ஒரு செயின் ரம்பம், பிறகு ஒரு கைகுலுக்கல். கடைக்கார ட்வைட் நீளமான படிவத்தை நீட்டினான். "இல்லை, இல்லை" என்று குறித்துக்கொண்டே போய்க் கையெழுத்துப் போட்டேன். அவன் அரசாங்கத்தில் சரிபார்க்கிற ஆட்களிடம் கேட்டுவிட்டு, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தான்.

"தாமதம்னு வருது ஆர்வல். யாரையாவது கொன்னு பொதச்சியா?"

"உன் கடை காபியக் குடிச்ச பிறகும் உன்னயே இன்னும் கொல்லலயேப்பா."

மூன்று வேலைநாளில் பதில் வராவிட்டால் அவன் கொடுத்துவிடலாம் என்பதுதான் சட்டம். ஆனால் மாட்டேன் என்கிறான். "ஒரு தடவ நாலாம் நாள் குடுத்தேன். அப்புறம் அரசாங்க ஆளுங்க வந்து அவன் வீட்டுல இருந்து திரும்ப வாங்கிட்டுப் போனாங்க. 'சரி'ன்னு வார்த்தை வராம இங்கேருந்து ஒரு தோட்டாகூட நகராது" என்றான். என் பெயரிலேயே எவனோ ஒரு போக்கிரி டென்னசியில் இருப்பான். அவனோடு என்னைப் போட்டுக் குழப்பியிருப்பார்கள். நவம்பர் 25 மான் வேட்டை தொடங்குகிறது. அதற்குள் வந்தாக வேண்டும். எதற்கென்று கேட்காதே.

முத்தங்களுடன்,
அப்பா

---

பைன் ஃபோர்க்
அக்டோபர் 27

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. முழங்காலுக்குக் கம்பளித் துணி சுற்றிக்கொள்ளுங்கள். அம்மா நலம், உணவுக்கடையில் இப்போது காலை முறை. என் மீது கோபம் குறைந்திருக்கிறது, ஆனாலும் என் பள்ளிக்கூடப் பையை இன்னும் கதவுக்குப் பின்னாலேயே மாட்டி வைத்திருக்கிறாள்.

என் வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். துப்பாக்கி வாங்குகிறவர்களைப் பற்றி விசாரிக்கும் தாள்கள் எங்களுக்கும் ஃபேக்ஸில் வரும். ஒருவர் எப்போதோ கைதாகியிருப்பார், அந்த வழக்கு என்ன ஆனது என்று கணினியில் இருக்காது. நான் பழைய புத்தகத்தில் தேடி, 'முடிவு' என்ற கட்டத்தில் எழுத வேண்டும். என் மேலதிகாரி வாண்டா அம்மா அதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். தாமதம் என்று வருவது பெரும்பாலும் இப்படித்தான் என்று சொல்வார்.

அதனால் கேட்கிறேன், கோபப்படாதீர்கள். உங்கள் பெயரில் எப்போதாவது ஏதாவது வழக்கு இருந்ததா? எனக்கு இரண்டு வயதாக இருந்தபோது நாம் மில் தெருவில் இருந்தோம் இல்லையா? அந்தச் சமயத்தில் ஏதாவது?

சும்மாதான் கேட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் லேசி

---

டாசன் கிரீக்
நவம்பர் 4

என் குட்டி கிளார்க் அம்மாவுக்கு,

வழக்கா! சீட்டு வாங்காமல் மீன் பிடித்ததற்கு ஒரு தடவை அபராதம் கட்டினேன். வேறு ஒன்றும் இல்லை. மில் தெருவில் எனக்கு நினைவிருப்பது உன் தொண்டைதான். பால் புட்டி கொஞ்சம் தாமதமானால் நாலு வீடு எழுந்துவிடும். அந்தத் தொண்டை இப்போது எங்கே போனதோ.

நீ இப்படிக் கவலைப்படுவதால் ரகசியத்தை உடைத்துவிடுகிறேன். அந்தத் துப்பாக்கி உனக்கு. இருபத்து மூன்றாம் தேதி உனக்குப் பதினெட்டு. பின்பலகையில் கைமாறியது என் மகளுக்கு வேண்டாம் என்று நினைத்தேன். உன் கைக்குப் பொருந்தும்படி கட்டை குட்டையானது, வால்நட் மரம், பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. ட்வைட் அதில் ஒரு சீட்டுக் கட்டிப் பின்னறையில் வைத்திருக்கிறான்.

ஆலை விட்டதும் தினமும் போய் நிற்கிறேன். நான் கதவைத் திறப்பதற்குள்ளேயே "இன்னிக்கும் இல்லடா, போடா" என்று கத்துகிறான். அங்கே உட்கார்ந்திருக்கிற கிழவர்களுக்கெல்லாம் நான்தான் இப்போது பொழுதுபோக்கு.

வேட்டையின் தொடக்க நாள் விடியும்போது நாம் இரண்டு பேரும் மேட்டில் இருக்க வேண்டும். பேசவே கூடாத விளையாட்டு அது. உனக்குப் பிடிக்கும்.

அப்பா

---

பைன் ஃபோர்க்
நவம்பர் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

டென்னசியில் போக்கிரி யாரும் இல்லை, அப்பா. அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. போன மாதம் பதினேழாம் தேதியே வந்துவிட்டது. உங்கள் பெயர், உங்கள் பிறந்த தேதி. நான் போன கடிதத்தில் 'சும்மாதான்' என்று எழுதியது பொய். அப்போதே எல்லாவற்றையும் படித்துவிட்டிருந்தேன்.

நாற்பத்தோராம் புத்தகம், 2009 பிப்ரவரி. புகார் கொடுத்தவர் ட்வைலா ஸ்டில்ட்னர், மனைவி. இடது மணிக்கட்டு முறிவு. கணவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அறுபது நாள் சிறை, நிறுத்திவைப்பு. அந்தக் காலத்து கிளார்க் இதை மேலிடத்துக்கு அனுப்பவே இல்லை. அதனால்தான் இத்தனை வருடம் யாருக்கும் தெரியவில்லை.

தாளை என் மேஜை இழுப்பறையில், அடியில் வைத்தேன். வாண்டா அம்மா தினமும் கேட்பார். "ஏம்மா, ஏதாச்சும் பாக்கி இருக்கா? வாயத் தொறந்து சொல்லு, நான் ஒண்ணும் கடிச்சிட மாட்டேன்." இல்லை என்று தலையை ஆட்டுவேன். வாயைத் திறக்காமலே பொய் சொல்ல முடியும் என்று தெரிந்துகொண்டேன்.

அம்மாவிடம் மட்டும் கேட்டேன். கடையில் கூட்டம் இல்லாத நேரம். வலது கையாலேயே காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். இடது கை ஐஸில் வழுக்கி விழுந்து முறிந்தது என்றுதான் இதுவரை எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

"அம்மா, நீ ஐஸ்ல வழுக்கி விழுந்தது எந்த வருஷம்?"

"எந்த ஐஸ்?" என்றாள்.

உடனே அவளுக்கே புரிந்துவிட்டது. கெண்டியைக் கீழே வைத்தாள். "உனக்கு அவரு நல்ல அப்பாதான் லேசி. அத நீ வச்சுக்கோ. எனக்கு எப்படி இருந்தாருங்கறத எங்கிட்ட விட்டுடு" என்றாள்.

மனைவியை அடித்துத் தண்டனை பெற்றவர் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது என்பது சட்டம். நான் பதில் எழுதினால் ட்வைட்டுக்கு 'கூடாது' என்று வரும். உங்கள் ஊர் ஷெரிப்புக்கும் தகவல் போகும். அந்தப் படிவத்தில் இதைக் கேட்கிற இடத்தில் 'இல்லை' என்று குறித்துக் கையெழுத்துப் போட்டதே தனிக் குற்றம். எழுதாமல் விட்டால் மூன்று மாதத்தில் அந்த விசாரணை தானாகவே அழிந்துவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம்.

என்ன நடந்தது என்று நீங்கள் சொல்ல வேண்டும், அப்பா. புத்தகம் சொல்லி நான் தெரிந்துகொண்டது எனக்குப் போதவில்லை.

லேசி

---

டாசன் கிரீக்
நவம்பர் 16

குட்டி,

உன் கடிதத்தை வண்டியிலேயே உட்கார்ந்து படித்தேன். ஆலைக்கு அரை மணி நேரம் தாமதம்.

அது மோசமான குளிர்காலம். சுரங்கத்தை மூடிவிட்டார்கள், நான் குடித்துக்கொண்டிருந்தேன். இளம் வயதில் எல்லா வீட்டிலும் சத்தம் வரும். அதற்குப் பிறகு ஒரு சொட்டு தொடவில்லை, உனக்கே தெரியும். ஒப்புக்கொண்டால் அன்றே வீட்டுக்குப் போகலாம் என்று வக்கீல் சொன்னார். ஒப்புக்கொண்டேன், முடிந்தது என்று நினைத்தேன். உன் அம்மாவே அதை விட்டுவிட்டாள்.

ட்வைட்டிடம் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். நீயே எழுதியிருக்கிறாய், மூன்று மாதத்தில் அழிந்துவிடுமாம். அந்த நிலவறையில் எத்தனை தாள் எலி தின்கிறது, எத்தனை தாள் ஈரத்தில் ஊறுகிறது! ஒரே ஒரு தாள், லேசி. கேட்டால், வரவே இல்லை என்று சொல். உன்னை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

நான் உன்னிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை.

அப்பா

---

பைன் ஃபோர்க்
நவம்பர் 21

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். குளிர்காலம் இருந்தது, சுரங்கம் இருந்தது, வக்கீல் இருந்தார். அம்மாவின் கை எங்கேயும் இல்லை.

செவ்வாய்க்கிழமை இன்னொரு தாள் வந்தது. எனக்குத் தெரியாத ஒருவர், அதே மாதிரி வழக்கு. புத்தகத்தை எடுத்தேன், எழுதினேன், கையெழுத்து வாங்கி அனுப்பினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மதியம் ரொட்டியைப் பிரித்தபோதுதான் அவருக்கும் ஒரு மகள் இருக்கலாம் என்று தோன்றியது. அதற்கு மேல் சாப்பிட முடியவில்லை. அந்த மனிதருக்கு எழுதிவிட்டு உங்களுக்கு எழுதாமல் இருந்தால் நான் யார்?

இந்தக் கடிதம் சனிக்கிழமை உங்கள் கைக்கு வரும். தாளைப் புதன்கிழமை காலையில் அனுப்புவேன். நடுவில் இருக்கிற நாட்களை நான் திருடி உங்களுக்குத் தருகிறேன். தெரிந்தால் என் வேலை போகும், போகட்டும். ஒருவர் தன்னிடம் இருந்த துப்பாக்கிகளைத் தானே கொண்டுபோய் ஷெரிப்பிடம் ஒப்படைத்தார், நீதிபதி அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டார் என்று வாண்டா அம்மா ஒரு நாள் சொன்னார். உங்கள் கொட்டகையில் இருப்பவை எனக்குத் தெரியும். இந்த நாட்களில் அவற்றை யாரிடமாவது மாற்றிவிடவும் உங்களால் முடியும். அதுவும் தெரிந்தேதான் எழுதுகிறேன்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. அனுப்பினாலும் தப்பு செய்ததுபோல் இருக்கும், அனுப்பாவிட்டாலும் அப்படித்தான். எது அம்மாவுக்குச் செய்கிற தப்பு, எது உங்களுக்கு என்பது மட்டும்தான் வித்தியாசம். உங்களுக்கு நான் இதுவரை ஒரு தப்பும் செய்ததில்லை. அம்மாவுக்கு ஒரு மாதமாகச் செய்துகொண்டிருக்கிறேன்.

பிறந்தநாளுக்கு எதுவும் அனுப்ப வேண்டாம்.

லேசி

---

டாசன் கிரீக்
டிசம்பர் 19

லேசிக்கு,

உன்மேல் கோபம் இல்லை என்று எழுத நான்கு தடவை உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. கோபம் இருக்கிறது. அதை மறைத்து ஒரு கடிதம் எழுத வேண்டாம் என்றுதான் இவ்வளவு நாள் ஆயிற்று.

உன் கடிதம் வந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நான்கு துப்பாக்கியையும் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒருவனுக்குச் சொல்லி அனுப்பினால் போதும், மூடிய வண்டியோடு வந்து வாங்கிக்கொண்டு போவான். சொல்லி அனுப்பவில்லை. திங்கட்கிழமை, தொடக்க நாள், விடியும்போது ஊர் வண்டியெல்லாம் மேட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. நான் மட்டும் எதிரே இறங்கி வந்தேன். எல்லோரும் கை காட்டினார்கள், நானும் காட்டினேன். ஷெரிப் அலுவலகத்தில் ஒரே ஒரு பையன் காவலுக்கு இருந்தான். "இன்னிக்கா சார்? இன்னிக்கு யாராச்சும் துப்பாக்கியக் கொண்டாந்து குடுப்பாங்களா?" என்று சிரித்தான். நான் எதற்கு வந்தேன் என்று சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

படிவத்தில் பொய் சொன்னதற்கு ஜனவரி ஒன்பதாம் தேதி ஆஜராக வேண்டும். நீ வர வேண்டாம்.

வக்கீல் நீ அனுப்பிய தாளின் நகலைக் காட்டினார். 'குற்றத்தை ஒப்புக்கொண்டார்' என்று அந்தக் கட்டத்தில் உன் கைப்பட எழுதியிருந்தது. பதினைந்து வருடத்துக்கு முன்னால் அதே சொற்களை நான் நீதிபதியிடம் சொன்னேன், வீட்டுக்குப் போக வேண்டும் என்பதற்காக. சொல்ல வேண்டியவளிடம் சொன்னதே இல்லை.

உள்ளே மடித்து ஒட்டிய தாள் ஒன்று இருக்கிறது. அது உனக்கு இல்லை. அதை உன் அம்மா கையில் கொடு. அவள் வாங்க மறுத்தால் திருப்பி அனுப்பிவிடு, வற்புறுத்தாதே. அவள் படிக்கும்போது நீ பக்கத்தில் நிற்க வேண்டாம்.

அப்பா