தோளில் மிச்சமிருந்த கை

ஜூன் 4, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. போன ஞாயிறு பட்டது போதும்.

அதற்கு முந்தைய இரண்டு ஞாயிறும் பங்கு அச்சன் பீடத்தில் நின்று என் பெயரையும் ஜெரின் பெயரையும் சேர்த்து வாசித்தார். இந்தத் திருமணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று. மூன்றாவது ஞாயிறு மற்ற ஜோடிகளை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டார். வாசிக்காத பெயர் எவ்வளவு சத்தமாகக் கேட்கும் என்று அன்றுதான் தெரிந்தது. முன் வரிசைத் தலைகள் அத்தனையும் திரும்பின.

தடை சொன்னவன் ஜெரினேதான். இரண்டாவது வாசிப்பு முடிந்த சாயங்காலம் போன். "அம்மைக்காகத்தான் தலையாட்டினேன், நிம்மி. என்னால முடியாது."

கோயிலில் மனசம்மதம் கேட்டு நிச்சயம் செய்த அன்று என் தோளில் கை போட்டு அத்தனை படத்திலும் சிரித்தானே — அதுவும் அம்மைக்காகவா?

ஜூன் 6, செவ்வாய்

ஒரே கோபம். எழுதினால் அடங்குமா பார்க்கிறேன்.

மாமாவின் மனைவி லில்லி அம்மாயி, என்னைக் கேட்காமல் ஒரு புது வரன் வீட்டுக்கு என் படத்தை அனுப்பியிருக்கிறாள். அம்மா தயங்கித் தயங்கிக் காட்டினாள். மனசம்மதப் படம். அதே சந்தன நிறப் புடவை. ஜெரினை வெட்டி எடுத்திருக்கிறாள், ஆனால் முழுதாக இல்லை. அவன் கை என் தோளிலேயே இருக்கிறது. நாலு விரல்.

நாலு விரல்! முன்பின் தெரியாத ஒரு குடும்பம் தேநீர் குடித்தபடி அதைப் பார்த்திருக்கும்.

அம்மாயிக்குப் போன் போட்டேன்.

"நீ அழகா இருக்கிற படம் அது ஒண்ணுதானே மோளே! கை யாரோடதுன்னு எழுதியா ஒட்டியிருக்கு? அண்ணன் கைன்னு சொல்லிட்டாப் போச்சு."

"எனக்கு அண்ணனே இல்ல அம்மாயி."

"அதை அவங்க இப்பவே கேக்கப் போறாங்களா?"

வைத்துவிட்டேன்.

ஜூன் 7, புதன்

அந்தப் பட ஆல்பத்தை இணையத்தில் தொடங்கியவள் நான்தான். எதையும் நாலு பேர் பார்க்க வைக்காதவள், அன்று எல்லாப் படங்களையும் என் கணக்கில் ஏற்றி, குடும்ப குரூப்புக்கே திறந்துவிட்டேன். சந்தோஷம் மனுஷியை மடச்சி ஆக்கும்.

இந்த நிமிடமே அழித்துவிடலாம். ஆனால் என்ன பயன்? ஆளாளுக்குப் போனில் இறக்கி வைத்திருக்கிறார்கள். ஆல்பம் போனாலும் அவர்கள் பிரதி போகாது.

குரூப்பில் எழுதினேன்: "மனசம்மதப் படங்களைத் தயவுசெய்து எல்லோரும் அழித்துவிடுங்கள்."

கூப்பிய கைகள் வந்தன. அழும் முகங்கள் வந்தன. அம்மாயியின் மகள் மெரின்: "சேச்சி, அதுல நான் செமையா இருக்கேன், ப்ளீஸ்!" அழித்துவிட்டேன் என்று ஒருத்தர் சொல்லவில்லை.

ஜூன் 8

கப்பைக்கிழங்கும் மீன் குழம்பும். தொடவில்லை. கோபமே வயிற்றை அடைத்துக்கொள்கிறது.

ஜூன் 11, ஞாயிறு

குடை சொட்டச் சொட்ட அம்மாயி வந்தாள், போனை நீட்டிக்கொண்டே. பிரார்த்தனைக் கூட்டத்தை வீடியோ எடுக்கப் போனாளாம். போன் இடமில்லை என்றதாம்.

"உன் ஆல்பம்தான்டி என் போனைத் தின்னுட்டுது."

என்ன நெஞ்சழுத்தம்! பல்லைக் கடித்துக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு படமும் இரண்டு, மூன்று. பார்க்கத் தோன்றியபோதெல்லாம் புதிதாக இறக்கியிருக்கிறாள். போதாததற்கு வாட்ஸ்அப்பில் வந்துபோனவை வேறு. எல்லாவற்றிலும் நான், சிரித்தபடி.

"ஆல்பம் உங்க போன்லயே இல்ல அம்மாயி. அது இணையத்துல, என் கணக்குல இருக்கு. நீங்க ஜன்னல் வழியா எட்டிப் பாக்குறீங்க, அவ்வளவுதான். இடத்தை அடைக்கிறது நீங்க இறக்கி வெச்ச காப்பி."

"காப்பிய அழிச்சா படம் போயிடாதா?"

"ஆல்பம் இருக்கிற வரைக்கும் போகாது."

இப்போது இதை எழுதிவிட்டுத் திரும்பப் படிக்கிறேன். இதில் பொய் எங்கேயாவது இருக்கிறதா? இல்லை.

எல்லாவற்றையும் அழித்தாள். குப்பைத் தொட்டியையும் காலி செய்யச் சொன்னேன். அதைச் செய்யாமல் இடம் திரும்பாது. அதுவும் உண்மைதான்.

"அம்மாடி, போன் பறக்குதே! முன்னாடியே சொல்லக் கூடாதா நீ?"

ஜூன் 13, செவ்வாய்

குரூப்பில் அம்மாயியின் குரல் செய்தி, கோயில் ஒலிபெருக்கி மாதிரி: "எல்லாரும் கேளுங்க. நிம்மியோட ஆல்பத்துல படம் பத்திரமா இருக்கு. போன்ல சுமக்கிறவங்க கழுதைங்க. அழிங்க. குப்பைத் தொட்டியையும் மறந்துடாதீங்க!"

மதியம் முழுக்க நன்றி மழை. மெரின்கூட: "சேச்சி, பாதி போன் காலி!"

மானத்துக்காகக் கேட்டேன், கை கூப்பினார்கள். இடத்துக்காக என்றதும் ஓடி ஓடி அழிக்கிறார்கள். சிரிக்கலாம்தான். சிரிப்பு வரவில்லை. இன்னும் எரிகிறது.

புது வரன் வீட்டாரிடம் அம்மாவே பேசினாள். வேண்டாம் என்றும், படத்தை அழித்துவிடுங்கள் என்றும். அழித்தார்களா? தெரியாது. அந்த நாலு விரல் எங்கேயோ இருக்கலாம்.

ஜூன் 14, புதன்

கடைசியாக ஒருமுறை எல்லாவற்றையும் பார்த்தேன். ஒரு படத்தில் அப்பா, வாய் நிறையக் கட்லெட்டோடு யாரையோ பார்த்துச் சிரிக்கிறார். அப்படி அவர் சிரித்துப் பல நாளாகிறது. அந்த ஒன்றை மட்டும் எடுத்துவைத்தேன். அதில் நான் இல்லை.

ஆல்பத்தை அழிக்கப் போனதும், எல்லோருக்கும் நீங்கிவிடும், சம்மதமா என்று போன் கேட்டது.

சம்மதம்.

என் குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன்.

ஜூன் 18, ஞாயிறு

பூசைக்குப் போனேன். முன் வரிசையிலேயே உட்கார்ந்தேன்.

வெளியே வரும்போது படிக்கட்டில் அம்மாயி மறித்தாள். "மோளே, ஆல்பம் திறக்க மாட்டேங்குதே?"

"அழிச்சுட்டேன். இடத்தை அடைச்சுக்கிட்டு இருந்தது."

"ஜன்னல்னு சொன்னியே! எங்க போன்ல இடமே எடுக்காதுன்னு சொன்னியே!"

"உங்க போன்ல எடுக்காது. என் கணக்குலதானே கிடந்தது."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அடிப்பாவி, பெரிய கள்ளிடி நீ" என்றாள். "அடுத்த வரன் வந்தா நான் எதைக் காட்டுறது?"

குடையை விரித்தேன். மழை வலுத்தது. அம்மாயியும் குடைக்குள் நுழைந்து, நனையாமலிருக்க என் தோளைச் சுற்றிக் கை போட்டுக்கொண்டாள்.

"கையை எடுங்க அம்மாயி" என்றேன்.

எடுத்தாள்.