ஏலத்துக்குத் திரும்பி வந்த ஆரஞ்சு எண்ணெய்

ஞாயிறு. அறுப்புப் பண்டிகை.

இன்றைக்கு ஆலயத்தில் காணிக்கை ஏலத்தை நடுவில் நிறுத்தினேன். வருத்தமே இல்லை.

போன வருஷம் நான் படைத்த ஆரஞ்சுத் தோல் எண்ணெய். அதை ஏலத்தில் எடுத்த யாரோ இந்த வருஷம் திரும்பப் படைத்திருக்கிறார்கள். பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டு வெயிலில் வெளுத்திருந்தது. எண்ணெயும் கொஞ்சம் குறைந்திருந்தது.

செயலாளர் அண்ணாச்சி பாட்டிலைத் தூக்கிப் பிடித்து, "சுத்த இயற்கை! பச்சப்பிள்ளைக்கும் தேய்க்கலாம்!" என்று கூவினார். கைக்குழந்தையோடு இருந்த ஸ்டெல்லா ஏலம் கேட்கக் கையைத் தூக்கினாள்.

எழுந்து போய் பாட்டிலை வாங்கி முகர்ந்தேன். தினமும் சோப்பு காய்ச்சுகிற எனக்குத் தெரியாதா? புதிதில் அப்போது உரித்த தோல் வாசனை வரும், அதற்கு அடியில் லேசாக அறுத்த மரப்பலகை வாசனை. இதிலோ வார்னிஷ் நெடி. காற்றுப்பட்டுப் பழசான எண்ணெயைத் தேய்த்தால் உடம்பு தடித்துவிடும். புது எண்ணெயையே தேங்காயெண்ணெயில் சொட்டுச் சொட்டாகக் கலந்துதான் தொட வேண்டும்.

"இது கெட்டுப் போச்சு. யாரும் எடுக்காதீங்க."

"படைச்ச பொருளைக் குறை சொல்லலாமா மக்கா? கர்த்தருக்குள்ளதாக்கும்."

"கர்த்தருக்குச் சொறி வராது அண்ணாச்சி. பிள்ளைக்கு வரும்."

பாட்டிலோடு வெளியே வந்துவிட்டேன். "என்ன ஒரு திமிரு" என்று பின்னால் ஒரு குரல். இருக்கட்டும்.

ஒன்றுதான் உறுத்துகிறது. 'சுத்த இயற்கை' என்று அந்தச் சீட்டில் எழுதியது நான். அதை மட்டும்தான் எழுதியிருந்தேன். அண்ணாச்சி அதைத்தான் வாசித்தார்.

அடுத்த வருஷமும் படைப்பேன். காய்ச்சிய தேதியையும், அப்படியே மேலில் தேய்க்கக் கூடாது என்பதையும் பெரிதாக எழுதி ஒட்டுவேன். ஏலம் போகாவிட்டால் போகட்டும்.