ஓடும் வண்டிக்கு வெள்ளை சிமெண்ட்

அன்பு மகள் சினேகாவுக்கு,

மாதா புண்ணியத்தில் இரும்புலியூரில் அம்மாவும் நானும் சுகம், கத்தாரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசியிருக்கலாம், ஆனால் மாலை வகுப்பில் எழுதப் படித்த பிறகு கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. இரண்டு வரிக்கு ஒரு தரம் நிறுத்தி, என் எழுத்தை நானே பார்த்துச் சிரித்துக்கொள்கிறேன்.

உன் தம்பி டேனியல் சுற்றுலாவுக்கு விட ஒரு பழைய கேரவன் வாங்கினான் இல்லையா, உள்ளேயே கட்டில், கக்கூஸ், ஷவர் எல்லாம் உண்டு. முதல் பயணமே அம்மாவை வேளாங்கண்ணிக்குக் கூட்டிப்போவது என்று சொல்லிவிட்டான். சர்க்கரை வந்ததிலிருந்து அடிக்கடி பாத்ரூம் போகவேண்டியிருப்பதால், அவள் பஸ் ஏறுவதையே விட்டுவிட்டாள், மாதாவைப் பார்த்து வருஷக்கணக்காகிறது. அந்த நேரம் பார்த்து ஷவர் மூலையில் தண்ணீர் கசிந்தது. டேனியல் ரப்பர் மாதிரி வளைந்து கொடுக்கும் சிலிக்கான் பசை வாங்கி வருகிறேன் என்றான். நான் விட்டேனா? ஊரில் பாதி பாத்ரூம் நான் பூசியது, எனக்கு எதுக்குடா பசை டியூப்பு என்று வெள்ளை சிமெண்டைக் குழைத்து வழவழவென்று பூசி, தள்ளி நின்று அழகு பார்த்தேன். வீடு நின்ற இடத்தில் நிற்கும், வண்டி ஓடும் என்பது இந்தக் கொத்தனார் மண்டையில் ஏறவில்லை. மறைமலை நகர் வரை ஓட்டிப் பார்த்தோம், ஸ்பீடு பிரேக்கர் எல்லாம் ஏறி இறங்கித் திரும்பி வந்ததும் நான் பெருமையாக ஷவரைத் திறந்தேன். பூச்சு அப்பளமாக நொறுங்கியிருந்தது, தண்ணீர் அடியில் புகுந்து அந்தப் பக்கக் கட்டிலில் அம்மா படுத்திருந்த மெத்தையை நனைத்துவிட்டது. இன்னா கொத்தனாரே, என் கல்லறையும் இப்டித்தான் கட்டுவியா, நான் வேளாங்கண்ணிக்கும் வரல, எங்கியும் வரல என்று எழுந்து வீட்டுக்குள் போய்விட்டாள்.

பூசிய கையாலேயே எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தேன். மூலையைத் துடைத்து நன்றாகக் காயவிட்டு, டேனியல் சிலிக்கானைப் பிதுக்க, நான் விரலால் இழுத்துவிட்டேன். அது இறுகும்வரை தண்ணீர் படக்கூடாதாம், வாசலில் நாற்காலி போட்டுக் காவல் இருந்தேன். மறுபடி மறைமலை நகர். திரும்பியதும் அம்மா அதே கட்டிலில் படுத்துக்கொண்டு, நீ போய்க் குளி, என் முதுகு நனைஞ்சா மாதாவை நீ மட்டும் போய்ப் பாரு என்றாள். வெந்நீரில் நடுங்கிக்கொண்டே குளித்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். வெளியே வந்தால் அவள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மூவரும் புறப்படுகிறோம். உங்களுக்காக மெழுகுவத்தி ஏற்றுவேன், மாதா உங்கள் இருவரையும் காப்பாள். கிறிஸ்துமஸுக்கு வரும்போது நீயும் அந்த ஷவரில் குளி, மூலையைத் துணியால் துடைத்துவிட்டு வா, அப்படித்தான் கதவில் என் கையால் எழுதி ஒட்டியிருக்கிறேன். அங்கே உன் வீட்டில் எது கசிந்தாலும் என்னைக் கேட்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா,
சவுரிமுத்து (கைநாட்டு இல்லை, கையெழுத்து)