கிடா உதறும் வரை

அக்கா,

உண்ணி மருந்தின் வாடை இன்னும் கையை விட்டுப் போகவில்லை. சீயக்காய் போட்டுத் தேய்த்தேன், எலுமிச்சம்பழத் தோலைத் தேய்த்தேன், ம்ஹூம். சோற்றில் கை வைத்ததும் மூக்கில் ஏறியது. கூடவே நீயும் வந்து எதிரில் உட்கார்ந்துகொண்டாய். செத்துப்போனவர்கள் பூ வாடையோடு வருவார்கள் என்பார்கள். நீ மருந்து வாடையோடுதான் வருவாய், உன்னைத் தெரியாதா எனக்கு?

இன்று காலை கோயில் வாசலில் உன் வேலையைச் செய்துவிட்டு வந்திருக்கிறேன். அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள் நாம். உன் வீட்டுக்காரர் குவைத்துக்குப் போனார், என்னுடையவர் மெட்ராசில் கட்டட வேலைக்குப் போனார். ஊரில் பாதி ஆண்கள் அப்படிக் கிளம்பிய காலம் அது. நமக்கு ஒரு சென்ட் நிலமும் கிடையாது. "மத்தவங்களுக்குக் கழனி, நமக்குச் செம்மறிங்க" என்பாய். அந்த மந்தையை வைத்துத்தான் யார் வாசலிலும் போய் நிற்காமல் இருந்தோம்.

அந்த வருஷம் ஆடுகள் ஒவ்வொன்றாகப் படுக்க ஆரம்பித்தன. உடம்பு கொதிக்கும், தீனி தின்னாது. கண் இமையைப் புரட்டினால் வெள்ளைத் துணி மாதிரி இருக்கும். பிறகு காப்பி நிறத்தில் மூத்திரம் போகும், அவ்வளவுதான். ஆத்தா கோபம் என்றார்கள் எல்லோரும். நாமும்தான் சொன்னோம். அதனால் என்ன செய்தோம்? ஆத்தாவுக்கு நேர்ந்துவிட்ட கிடாவைக் கூப்பிட்டு வந்து நம் பட்டியில் தங்கவைத்தோம். சாமி கிடா தங்கிய பட்டியில் நோய் நிற்காது என்று நம்பிக்கை. ஆடு படுத்த வீடெல்லாம் போட்டி போட்டுக்கொண்டு அதை அழைத்தன. அதுவும் மாப்பிள்ளை மாதிரி வீடு வீடாகப் போய்த் தின்றுவிட்டு வந்தது.

வரதய்யபாளையம் போன் கடைக்குக் குவைத்திலிருந்து போன் வந்தது. மிச்சமிருப்பதைக் கறிக்கடைக்குத் தள்ளிவிட்டு உன் அண்ணன் வீட்டில் போய் இரு என்று அவர் சொல்லியிருக்கிறார். "அண்ணி சமையக்கட்டுல நின்னுக்கினு சோத்துக்குக் காத்திருக்கச் சொல்றியா? நான் எங்கியும் போறதா இல்ல" என்று சொல்லிப் போனை வைத்தாய். வெளியே வந்து, மிச்சமிருந்த ஆடுகளை விரல் விட்டு எண்ணினாய். உனக்குப் பயம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் படுத்த ஆடு ஒன்றை மடியில் போட்டுக்கொண்டு திருப்பதி வேனில் ஏறினோம். மொட்டை போடப் போகிற குடும்பம் ஒன்று நம்மையே பார்த்தது. "ஆட்டையுமா மலைக்கு இட்டுக்கினு போறீங்க?" என்று அந்த அம்மா கேட்டாள். "இதுக்கும் மொட்டை வேண்டுதல்" என்றாய். முகத்தில் சிரிப்பே இல்லை. அந்த அம்மா ஆட்டைக் கும்பிட்டாள்.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஆட்டின் காதில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவினார். "ஏமம்மா, ரெண்டு பேரும் வந்து பாருங்க" என்று தெலுங்கும் தமிழும் கலந்து சொல்லி மைக்ராஸ்கோப்பைக் காட்டினார். சிவப்பு வட்டங்களுக்குள் சின்னச் சின்னப் பொட்டுகள். "உண்ணி கடிச்சு ரத்தத்துல ஏறுன பூச்சிம்மா இது. ஊசி போட்றேன். ஆனா ஊர்ல ஒரு ஆட்டு மேல உண்ணிய வுட்டு வெச்சாலும் திரும்ப வரும்."

ஒரு ஆடு. நீ என்னைப் பார்த்தாய், நான் உன்னைப் பார்த்தேன். சாமி கிடாவை யாரும் கத்தரிக்கக் கூடாது, குளிப்பாட்டக் கூடாது, மருந்து படக் கூடாது. அதன் காது மடலுக்குள் உண்ணி ஆமணக்கு விதை கணக்காகக் காய்த்துத் தொங்கியது. நாம்தான் அதை வருந்தி வருந்திப் பட்டிக்குள் படுக்கவைத்தோம்!

திரும்பி வரும் வழியில், இனி சாமி கிடாவை எப்படித் தொடுவது என்று கேட்டேன். நீ ஒரு முடிவோடு இருந்தாய். "பலி குடுக்கும்போது மஞ்சத் தண்ணி ஊத்தி உத்தரவு கேக்கறோம் இல்ல? கிடா ஒடம்ப ஒதறினா ஆத்தா ஒத்துக்கினான்னு அர்த்தம். மருந்துக்கும் அப்படியே கேப்போம்."

"ஒதறலன்னா?"

"ஒதற வரிக்கும் ஊத்துவேன்."

ஊரே கூடி நிற்க, "சாமி கிடா மேல கைய வெக்காதம்மா" என்று பூசாரி கத்தக் கத்த, நீ குடத்தைத் தூக்கினாய். "நான் கேக்கறது ஆத்தாவ, உன்ன இல்ல மாமா." முதல் குடத்திலேயே கிடா உதறியது. அதற்கு மருந்து தடவினோம். பட்டிச் சுவரின் இடுக்குகளில் ஒளிந்த உண்ணியைத் தீப்பந்தம் காட்டிப் பொசுக்கினோம். நோய் நின்றது. மந்தையில் பாதிதான் மிஞ்சியது. ஆனால் உன் அண்ணன் வீட்டுக்கு நீ கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் மட்டும்தான் போனாய்.

இப்போது நாம் ஆடு மேய்த்த காடு பூராவும் கம்பெனி. வாசலில் ஷிப்ட் பஸ் நிற்கிறது. என் மகன் அங்கேதான் வேலை பார்க்கிறான், டவுனில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். "ஆட்ட வித்துட்டு என்னோட வந்துடும்மா" என்கிறான். நல்ல பிள்ளைதான். ஆனால் அவன் ஒற்றை அறையில் நான் என்ன செய்வேன்? போன வாரம் மறுபடி ஒரு ஆடு காப்பி நிறத்தில் மூத்திரம் விட்டது. எழுந்து போய்ப் புதுசாக நேர்ந்துவிட்ட கிடாவின் காதைத்தான் முதலில் புரட்டினேன். அதே காய்ப்பு.

இன்று காலை மஞ்சள் தண்ணீரை ஊற்றினேன். கிடா அசையவில்லை. கல்லு மாதிரி நின்று என்னைப் பார்த்தது. கூட்டம் முணுமுணுத்தது. இப்போது பூசாரி, அந்தப் பழைய பூசாரியின் மகன். "ஆத்தா உத்தரவு குடுக்கல அத்த, வுட்டுடு" என்றான். குடத்தைக் கீழே வைத்துவிட்டேன், அக்கா. உனக்கு முதல் குடத்திலேயே உதறியது. எனக்கு நீ பக்கத்தில்கூட இல்லை.

"இன்னோரு குடம் கொண்டா" என்றேன். ஊற்றினேன். நின்றது. இன்னொரு குடம். அடுத்த குடத்துக்கு யாரும் அசையாததால் நானே கிணற்றடிக்குப் போய்ச் சேந்திக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு எத்தனை என்று எண்ணவில்லை. கடைசியில் கொம்பிலிருந்து வால் வரைக்கும் ஒரு உதறு உதறியது பார், பூசாரி வேட்டியெல்லாம் மஞ்சள்.

மருந்து வாளியை எடுத்துக்கொண்டு கிடாவிடம் போனேன். கூட்டம் வழி விட்டது.