நாற்பத்தோராவது பெயர்

உ
சிவமயம்

அம்பாசமுத்திரம்
பரிதாபி வருஷம் தை 6

பிரிய சிநேகிதர் தேவசிகாமணிக்கு ஆவுடைநாயகம் எழுதும் கடுதாசி. வீட்டில் எல்லோரும் சுகம். சாரம்மாள் தங்கச்சிக்கு மூட்டுவலி தேவலையா என்று கோமு கேட்கச் சொன்னாள்.

பொங்கல் கழிந்து ரிஜிஸ்தர் கச்சேரி திறந்த அன்றே நான் உட்கார்ந்து எழுதுகிற மரத்தடியில் சண்டை. பத்திரம் எழுத வந்தவர்களைவிட, மகனைக் காலேஜுக்கு அனுப்பப்போகிற தகப்பன்மார்தான் அதிகம். உங்கள் பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்திலிருந்து போன வருஷம் பதினேழு பேர் காலேஜில் சேர்ந்தார்களாம். எங்கள் அம்மையப்பன் படிக்கிற டவுன் பள்ளிக்கூடத்தில் ஒன்பது. “எம் மவனச் சேத்தா பத்து அண்ணாச்சி” என்று முகம்மது மைதீன் குதித்தார். சேர்ந்த பத்தாம் நாள் ஓடிவந்தவனைக் கணக்கில் சேர்க்கலாமாவே?

பதினேழுக்கு ஒன்பது! ஒரே ஆற்றுத் தண்ணீரைத்தானே குடிக்கிறார்கள் எல்லாப் பிள்ளைகளும்? எனக்கு இதில் ஏதோ இடிக்கிறது. உமது மகன் அப்பாத்துரை அங்கேதான் படிக்கிறான், உமக்குத் தெரியாமல் இராது. உள்ளதை ஒளிக்காமல் எழுதும்.

ஆவுடைநாயகம்

*

தேவனுக்கு ஸ்தோத்திரம்

நாங்குநேரி
1913 ஜனவரி 27

அன்புள்ள ஆவுடைநாயகத்துக்கு,

கடிதம் வந்தது. சாரம்மாள் நடமாடுகிறாள். தபாலாபீஸ் வேலையில் பதில் எழுத நேரமாகிவிட்டது, அதற்குள் அதிலும் ஒரு சூது கண்டுபிடித்திருப்பீர்.

பதினேழின் இரகசியம் கேட்டீர். சொல்லுகிறேன். அங்கே கடைசிப் பரீட்சைக்கு முன்னால் பள்ளிக்கூடத்திலேயே ஒரு பரீட்சை வைக்கிறார்கள். தேறாதவனை “இன்னொரு வருஷம் இருடே” என்று நிறுத்தி, மறுவருஷம் தயார்பண்ணி அனுப்புகிறார்கள். போன வருஷம் பன்னிரண்டு பேரை நிறுத்தினார்கள். உங்கள் டவுன் பள்ளிக்கூடத்தார் இரக்கப்பட்டு எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். இவ்வளவுதான்வே விஷயம்.

நாம் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் படித்த காலத்தில் நம் அப்பாமார் எந்த வகுப்பில் படிக்கிறோம் என்றுகூடக் கேட்டதில்லை. நீர் மரத்தடியில் உட்கார்ந்து ஜில்லாக் கணக்கெல்லாம் எடுக்கிறீர். அம்மையப்பன் நல்ல பையன். அவனை நிம்மதியாகப் படிக்க விடும்.

தேவசிகாமணி

*

உ
சிவமயம்

அம்பாசமுத்திரம்
பரிதாபி வருஷம் மாசி 4

பிரிய தேவசிகாமணிக்கு,

ஆக, பன்னிரண்டு பேரை ஒளித்துவைத்துப் பதினேழு என்று தம்பட்டம். நான் சந்தேகப்பட்டது சரிதானே? இதைச் சொன்னதும் மரத்தடியில் என் மதிப்பு ஏறிவிட்டது.

இன்னும் ஒன்று கேள்வி. முன்னே மெட்ரிகுலேஷன் காலத்தில் எங்கோ மதராஸில் யாரோ முகம் தெரியாதவர் காகிதம் திருத்தினார், பாஸ் அல்லது பெயில். இப்போது வந்திருக்கிற ஸ்கூல் பைனல் புத்தகத்திலோ, வருஷம் முழுதும் வாத்தியார் வைக்கிற காலாண்டு மார்க்கையும் ஏற்றுகிறார்கள். காலேஜில் அதையும் பார்த்துத்தான் வரிசை போடுகிறார்களாம். பேனா வாத்தியார் கையில். மை வாத்தியார் கையில். முப்பது வருஷம் பத்திரம் எழுதுகிறேன்வே, நான்கை ஒன்பதாக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். உங்கள் பள்ளிக்கூடத்தில் மார்க்கு திருத்துவது உண்டா இல்லையா? சத்தியமாகச் சொல்லும்.

கோமு அப்பளம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். கல்லிடைக்குறிச்சியில் வாங்கியது.

ஆவுடைநாயகம்

*

தேவனுக்கு ஸ்தோத்திரம்

நாங்குநேரி
1913 பிப்ரவரி 24

அன்புள்ள ஆவுடைநாயகத்துக்கு,

அப்பளம் ஒன்றுகூட நொறுங்காமல் வந்தது. தங்கச்சிக்கு எங்கள் அன்பு.

சத்தியம் கேட்டீர். எங்கள் வீட்டுக் காரியத்தையே சொல்லுகிறேன், அதிலிருந்து அந்தப் பள்ளிக்கூடத்தின் நேர்மை உமக்கு விளங்கட்டும். போன அக்டோபரில் அப்பாத்துரைக்குக் குளிர்சுரம். கணக்குப் பரீட்சையில் பாதியில் மயங்கி விழுந்துவிட்டான். பதினொரு மார்க்கு. குணமானபின் கணக்கு வாத்தியார் ஹெட்மாஸ்டர் ஐயாவிடம் உத்தரவு வாங்கி, வேறு கேள்விகள் கொடுத்து, தனியாக உட்காரவைத்து எழுதச் சொன்னார். அறுபத்துமூன்று. அதைத்தான் புத்தகத்தில் ஏற்றியிருக்கிறார்கள். டாக்டர் சீட்டு, உத்தரவு எல்லாம் ஆஜர்ப் புத்தகத்தில் இருக்கிறது. வேறு எவனுக்கும் இப்படிச் செய்ததில்லை.

ஒளிக்கவேண்டிய காரியம் இல்லை. ஆனாலும் உம்மோடு இருக்கட்டும். மரத்தடிக்குப் போனால் கண் காது மூக்கு வைத்துவிடுவார்கள்.

தேவசிகாமணி

*

உ
சிவமயம்

அம்பாசமுத்திரம்
பிரமாதீச வருஷம் வைகாசி 29

பிரிய தேவசிகாமணிக்கு,

காலேஜ் வாசலில் வரிசை ஒட்டிவிட்டார்கள். நானே ரயிலேறிப் போய்ப் பார்த்தேன். நாற்பது பேரை எடுக்கிறார்கள். உமது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பத்தொன்பது. டவுன் பள்ளிக்கூடம் எட்டு. மீதி வெளியூர். அப்பாத்துரை முப்பத்தாறாவது. சந்தோஷம்.

அம்மையப்பன் நாற்பத்தொன்று. கோடு போட்டதற்குக் கீழே முதல் பெயர். ஒரே ஒரு பெயர்வே! கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். ஒரு வாத்தியார் ஒருவனுக்கு இரண்டு மார்க்குக் கூடப் போட்டிருந்தால் போதும், என் மகன் வெளியே நிற்பான். நின்றுவிட்டான். பையன் புஸ்தகங்களைத் துணியில் கட்டிப் பரணில் போட்டுவிட்டான். எனக்கு வயிறு எரிகிறது.

பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் துரை பாளையங்கோட்டையில் முகாம் என்கிறார்களே, எந்தத் தேதிமட்டும் இருப்பார்? சும்மாதான் கேட்கிறேன்.

ஆவுடைநாயகம்

*

நாங்குநேரி
1913 ஜூன் 26

ஆவுடைநாயகத்துக்கு,

நேற்று பாளையங்கோட்டை போய் இப்போதுதான் திரும்பினேன். வண்டிமாடுகூட இளைப்பாறவில்லை, உட்கார்ந்து எழுதுகிறேன்.

இன்ஸ்பெக்டருக்கு ஒரு மொட்டை மனு போயிருக்கிறது. பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் காலாண்டு மார்க்கைத் திருத்துகிறார்கள், சுரம் என்று சாக்குச் சொல்லி மறுபரீட்சை வைத்து ஏற்றுகிறார்கள், இப்படி நாலைந்து பேர் உண்டு என்று. துரை மூன்று நாள் எல்லாப் புத்தகத்தையும் புரட்டினார். நாலைந்து பேர் கிடைக்கவில்லை. ஒருவன்தான் கிடைத்தான். என் மகன். உத்தரவின் நகலை உரிய காலத்தில் மேலே அனுப்பவில்லை என்று அவன் புத்தகத்தைப் பிடித்துவைத்துவிட்டார். மற்றவர்கள் யார் என்று தெரியும்வரை விசாரணை நடக்குமாம். ஜூலை ஏழுக்குள் புத்தகத்தைக் கொடுக்காவிட்டால் காலேஜில் இடம் கிடையாது. அவன் இடத்துக்கு அடுத்தவனைத் தற்காலிகமாகக் கூப்பிட்டுவிட்டார்கள். அடுத்தவன் யார் என்று உமக்கு நான் சொல்லவேண்டாம்.

ஹெட்மாஸ்டர் ஐயா மனுவை என்னிடம் காட்டினார். கீழே “ஒரு ஏழைக் கிறிஸ்தவத் தகப்பன்” என்று எழுதியிருக்கிறது. கையெழுத்தை மாற்றி, இடதுபக்கம் சாய்த்து எழுதியிருக்கிறீர். எல்லாம் சரி. ஆனால் தலைப்பில் ஒரு பிள்ளையார் சுழி. முப்பது வருஷமாகப் போட்ட கை, தன்னாலே போட்டுவிட்டது. பாளையங்கோட்டையில் எந்தக் கிறிஸ்தவன்வே சுழி போட்டு மனு எழுதுவான்? ஹெட்மாஸ்டர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. “யாருன்னு தெரியுதா?” என்று கேட்டார். தெரியவில்லை என்று சொன்னேன். உமக்காக ஒரு பெரியவரிடம் பொய் சொன்னேன்.

எழுதியவன் முன்னால் வந்து, இந்த ஒரு சுரத்தைத் தவிர வேறொன்றும் எனக்குத் தெரியாது, மற்றது என் ஊகம் என்று பெயர் போட்டு எழுதிக்கொடுத்தால் விசாரணை அன்றைக்கே முடியும் என்கிறார் துரை. நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. நீராகச் செய்யும். பதினொரு நாள் இருக்கிறது.

தேவசிகாமணி

*

உ
சிவமயம்

அம்பாசமுத்திரம்
பிரமாதீச வருஷம் ஆனி 15

தேவசிகாமணி அவர்களுக்கு,

உமது கடிதம் கண்டு திகைத்தேன். ஒரு சுழியை வைத்துக்கொண்டு ஒருவனைக் குற்றவாளி என்று சொல்லலாமா? இந்தச் சீமையில் சுழி போடாமல் எழுதுகிறவன் யார்? டவுன் பள்ளிக்கூடத்திலேயே பத்துப் பேருக்கு உங்கள்மேல் பொறாமை. உங்கள் கணக்கு வாத்தியாருக்கு வேண்டாதவர் எத்தனை பேரோ! என்மேல் பழி வரட்டும் என்றே ஒருவன் சுழியைப் போட்டிருக்கவும் கூடும். அதை யோசித்தீரா?

இன்னொன்று. இந்தக் கடிதத்தை உம்மை எழுதச் சொன்னது யார்? ஹெட்மாஸ்டரா? நான் ஏதாவது எழுதிக்கொடுத்தால் அதைக் கொண்டு என் லைசென்ஸைப் பறிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னார்களா? பெயர் போட்டு எழுதுவது என்றால் முதலில் அந்த மனுவின் அசல் என் கைக்கு வரட்டும். பிறகு யோசிக்கலாம்.

அம்மையப்பனைக் காலேஜில் கூப்பிட்டுவிட்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து போகிறான். அது அவன் அதிர்ஷ்டம். அதையும் இதையும் சேர்த்து முடிச்சுப் போடாதேயும்.

ஆவுடைநாயகம்

*

உ
சிவமயம்

அம்பாசமுத்திரம்
பிரமாதீச வருஷம் ஆனி 25

தேவசிகாமணிக்கு,

நீர் பதில் போடவில்லை. போடாததற்கும் ஒரு உள்நோக்கம் இருக்கும் என்று நான்கு நாள் யோசித்தேன். ஐந்தாம் நாள் சனிக்கிழமை, அம்மையப்பன் வீட்டுக்கு வந்தான். இலையில் சோறு விழுந்ததும் கேட்டான்: “அப்பா, அப்பாத்துரை பெஞ்சுல என்னைய உக்கார வச்சிருக்காங்க. எவனோ மொட்டை மனுப் போட்டானாம். எந்தப் பாவிப்பா அது?”

எனக்கு அந்த நிமிஷம் என்ன தோன்றியது தெரியுமா? இவனை யார் கேட்கச் சொல்லி அனுப்பியது என்று. நீர் சொல்லிக்கொடுத்தீரோ, ஹெட்மாஸ்டர் சொன்னாரோ என்று. பெற்ற பிள்ளையின் முகத்தை ஒரு திருடன் முகத்தைப் பார்ப்பதுபோல உற்றுப் பார்த்தேன். அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. ரசம் கேட்டுக் கையை நீட்டிக்கொண்டிருந்தான்.

நான்தான் என்று சொன்னேன்.

மனுவில் உமது மகன் பெயரை எழுதவில்லைவே. அங்கே எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், ஆராய்ந்தால் நாலு பேர் விழுவார்கள், அப்பாத்துரை தப்பிவிடுவான் என்று மனதார நம்பினேன். பள்ளிக்கூடம் முழுதும் தேடியதில் ஒருவன்தான் அகப்பட்டான், அவனும் நேர்மையாக எழுதினவன். நீர் எனக்கு நம்பிச் சொன்னதைத்தான் நான் விற்றேன்.

பையன் இலையில் கையைக் கழுவிவிட்டு எழுந்தான். கோமு அழுதுகொண்டே பின்னால் ஓடினாள். “நாங்குநேரிக்குப் போறேம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் நான் தென்காசிக்கு ரயிலேறினேன். துரை அங்கே முகாம். என் பெயர், தகப்பனார் பெயர், ஊர், தொழில் எல்லாம் போட்டு எழுதிக்கொடுத்தேன். படித்துவிட்டு ஒரு வார்த்தைதான் கேட்டார், ஏன் என்று. நாற்பத்தொன்று என்றேன். அவருக்குப் புரியவில்லை. அப்பாத்துரை புத்தகத்தை அன்றே அனுப்பச் சொல்லித் தந்தி கொடுத்தார். சப்-ரிஜிஸ்திரார் என்னைக் கச்சேரிப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். மரத்தடியில் யாரும் என்னிடம் பேசுவதில்லை. பேசவேண்டாம்.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லும். அம்மையப்பனை மட்டும் வாசலில் நிறுத்திவிடாதேயும். வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் நாங்குநேரிக்கு வருகிறேன். உம் காலில் விழவேண்டும்.

ஆவுடைநாயகம்

*

நாங்குநேரி
1913 ஜூலை 11

ஆவுடைநாயகத்துக்கு,

புத்தகம் வந்துவிட்டது. அப்பாத்துரை திங்கட்கிழமை காலேஜில் சேர்ந்துவிட்டான்.

உமது மகன் இங்கே இருக்கிறான். சைவப் பிள்ளையாயிற்றே என்று கோவில் தெருவில் ஒரு வீட்டில் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்தேன். “வேண்டாம் மாமா, அத்தை கையாலேயே சாப்பிடுதேன்” என்றான். சாரம்மாள் புதுப் பானை வாங்கி, மீன் பக்கம் போகாமல் தனியே பொங்கிப் போடுகிறாள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இப்போது சாப்பிடுகிறான். அடுத்த வருஷத்துக்கு மறுபடி எழுதுகிறேன் என்கிறான். சாயங்காலம் ஆபீஸ் மூடியபின் நான் அவனுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். கோமு தங்கச்சியைக் கவலைப்படவேண்டாம் என்று சொல்லும்.

உமது கடிதத்தை மூன்று தரம் படித்தேன். நீர் கையெழுத்துப் போட்டது மெய். அதனால் உமக்கு வந்த நஷ்டமும் மெய். தெரிகிறது. ஆனால் ஒவ்வொரு தரம் படிக்கும்போதும், இதில் ஆவுடைநாயகத்துக்கு என்ன ஆதாயம் என்று என் மனசு தேடுகிறது. பையன் வாசலில் வந்து நின்றபோதுகூட, இவனை எதற்காக அனுப்பியிருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். அழுது வீங்கின முகத்தோடு நின்ற பிள்ளையைப் பார்த்து அப்படி நினைத்தேன். எனக்கு இந்தப் புத்தி முன்னே கிடையாது. இது போகவேண்டும் என்று தினமும் ஜெபம்பண்ணுகிறேன், இன்னும் போகவில்லை.

பையன் வேண்டுமட்டும் இருக்கட்டும். நீர் ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம்.

தேவசிகாமணி