எல்லாத் துண்டும் ஒரே அளவில்

தெய்வம் துணை.

என்னங்க, வணக்கம். சாமி புண்ணியத்தில் நான் சுகம். அத்தையின் மூட்டுவலி, சின்னவனின் இருமல், உங்கள் கோபம் மூன்றும் குறைந்தனவா?

விடுதிச் சமையலறையில் என்னைக் காய் நறுக்கும் மேசைக்கு மாற்றிவிட்டார்கள். முதல் நாளே தலைமைச் சமையல்காரர் உருளைக்கிழங்குக் கூடையைத் தள்ளி, "டைஸ் பண்ணுங்க" என்றார். சதுரத் துண்டுகளாக நறுக்க வேண்டும் என்று அகராதியில் படித்திருந்தேன். சாமி பேரைச் சொல்லிக்கொண்டே நறுக்கினேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, இதென்ன மூணு அளவு?"

"மாமியாருக்குப் பல் இல்லைங்க, அதான் சின்னது. பிள்ளைக்குப் பெரிசு, அவருக்கு நடுத்தரம்." பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது.

"இங்க யாரும்மா உங்க மாமியார், நானா? டைஸ்னா எல்லாம் ஒரே அளவு. அப்பதான் ஒண்ணா வேகும். நாளைக்கும் இப்படின்னா பாத்திரம் கழுவத்தான் அனுப்புவேன்."

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இப்போது ஒரே அளவாக வருகிறது, கவலைப்படாதீர்கள். யார் சாப்பிடுகிறார்கள் என்பதுதான் தெரிவதில்லை.

அத்தைக்குக் காயைப் பொடியாக நறுக்குங்கள். ஒருநாள் நீங்கள் சாப்பிட உட்காரும்போது போன் செய்யுங்கள். பேச வேண்டாம், போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் போதும், நீங்கள் சாப்பிடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

நேற்று விடுமுறை. அறையில் எனக்கு மட்டும் இரண்டு கிழங்கு வேகவைத்தேன். தட்டில் போட்ட பிறகுதான் பார்த்தேன், மூன்று அளவில் நறுக்கியிருக்கிறேன்.

வேலைக்கு ஏற்றிப்போகும் வேன் வந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள்.

உங்கள் வீட்டுக்காரி