சந்தையில் கேட்ட உங்கள் குரல்

அப்பா,

இன்று மாலை மழை விட்டிருந்தது. ஆர்.கே.புரம் மெட்ரோவை விட்டு வெளியே வந்தபோது, வாசலில் ஒருவர் கரி அடுப்பில் மக்காச்சோளம் சுட்டுக்கொண்டிருந்தார். "பையா, ஒண்ணு" என்று தமிழும் இந்தியுமாக உளறிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே எலுமிச்சை தேய்த்துக் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன், தின்னத் தோன்றவில்லை. பங்கு போட ஆளில்லாமல் ஒரு முழுக் கதிரை என்ன செய்வது?

சோளம் வேகும் வாசனை எனக்கு டெல்லியின் வாசனை அல்ல. அது குவாத்தமாலாவின் வாசனை. நீங்களும் நானும் போன அந்த மலைச் சந்தையின் வாசனை.

அம்மா போன பிறகு நீங்கள் பேசுவதை விட்டுவிட்டீர்கள். டெல்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸ் நாட்களிலிருந்தே நம் வீட்டில் பேச்செல்லாம் அம்மாவுடையதுதான். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பீர்கள். அம்மாவோடு அந்தச் சிரிப்பும் போயிற்று. "சாப்பிடுறீங்களாப்பா?" என்றால் "ம்." "கொஞ்சம் நடந்துட்டு வரலாமா?" என்றால் "வேண்டாம்." அந்தச் சமயத்தில்தான் கம்பெனி என்னைக் குவாத்தமாலாவுக்குப் போகச் சொன்னது. தென்காசியிலிருந்து சித்தப்பா போன் செய்தார். "அண்ணன இங்க கொண்டாந்து விட்டுரு. அத்தாந் தொலைவுக்கு எதுக்கு இழுத்துக்கிட்டு அலையுத?" உங்களைக் கேட்டேன். தலையை மட்டும் அசைத்தீர்கள். எதற்கு அசைத்தீர்கள் என்று தெரியாமலே கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கேயும் அப்படித்தான். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தொலைவில் புகையும் எரிமலையைப் பார்த்தபடி இருந்தீர்கள். தட்டு பாதிச் சோற்றோடு திரும்பி வந்தது. பெல்ட்டில் புதிதாகத் துளை போட வேண்டியிருந்தது. வேலையை விட்டுவிட்டு உங்களைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிடலாம் என்று நான் மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். உங்களிடம் சொல்லவில்லை. போவதற்கு முன் ஒரு இடமாவது காட்டுவோம் என்றுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினோம்.

வெள்ளைத் தேவாலயம், அதன் படிகளில் பூக்காரிகள். தகர டப்பாக்களில் ஏதோ பிசினைப் போட்டு எரித்துக்கொண்டிருந்தார்கள். நம் சாம்பிராணிக்குத் தூரத்து உறவு போல ஒரு வாசனை. படிகளுக்குக் கீழே தெருத் தெருவாகச் சந்தை. மர முகமூடிகள், மண்சட்டிகள், குவியல் குவியலாகக் கறுப்பு அவரை. கையால் நெய்த ரவிக்கைகள் சுவர் உயரத்துக்குத் தொங்கின. ஊருக்கு ஒரு நிறம், ஊருக்கு ஒரு பூவேலை என்று சொன்னார்கள். டெல்லியில் சரோஜினி நகர்ச் சந்தையில் அம்மாவுக்குப் பின்னால் நடப்பது போலவே, பையைத் தூக்கிக்கொண்டு இரண்டடி தள்ளி என் பின்னால் வந்தீர்கள்.

ஒரு கடையில் பெண்கள் சோளமாவை உள்ளங்கைகளுக்கு நடுவில் தட்டித் தட்டிக் கல்லில் போட்டார்கள். அவர்கள் தட்டுவது கை தட்டுவது போலவே கேட்டது. அருகே ஒரு பெரிய பானையில் சோளம் ஊறிக்கொண்டிருந்தது. நீங்கள் குனிந்து முகர்ந்தீர்கள்.

"சுண்ணாம்பு" என்றீர்கள்.

உண்மைதான். சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்துத்தான் அவர்கள் சோளத்தை அரைக்கிறார்கள். நீங்களாக வாய் திறந்து ஒரு சொல் சொல்லி எவ்வளவு காலமாயிற்று என்று அப்போது எனக்குத் தோன்றியது.

முகமூடிக் கடையில் விலை கேட்டுவிட்டுத் திரும்பினேன். நீங்கள் இல்லை.

உங்களிடம் போன் கிடையாது. அந்த ஊர்ப் பாஷையும் தெரியாது. என் அரைகுறை ஸ்பானிஷில், வெள்ளை முடி, நீல ஸ்வெட்டர் என்று கடை கடையாகக் கேட்டேன். எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள். ஒரே சந்துக்குள் திரும்பத் திரும்ப ஓடினேன். அம்மாவையும் விட்டாயிற்று, உங்களையும் இங்கே கொண்டுவந்து தொலைத்துவிட்டேன் என்று நினைத்தபோதுதான், தொங்கும் துணிகளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தமிழ் கேட்டது.

"அழுதுக்கிட்டேதான் வந்தா, கேட்டீங்களா. மெட்ராஸ்ல ரயில் ஏறினதுலேருந்து ஒரே அழுகை. புதுசா கல்யாணம் ஆன பிள்ள. ஒருத்தரையும் தெரியாத டெல்லிக்கு வாரா. எனக்கு என்ன பேசுததுன்னே தெரியல. நாக்பூர்ல எறங்கி ஆரஞ்சு வாங்கியாந்தேன். ஒரு சொளைய வாயில போட்டா. புளிப்புன்னா அப்படி ஒரு புளிப்பு! மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டு என்னயப் பாத்துச் சிரிச்சா பாருங்க... அதுக்குப் பொறவு அழவே இல்ல."

துணிகளின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். தறியின் ஒரு முனையைத் தூணிலும் மறு முனையைத் தன் இடுப்பிலும் கட்டிக்கொண்டு ஒரு பெண் நெய்துகொண்டிருந்தாள். உங்கள் வயதுதான் இருக்கும். எதிரே முக்காலியில் நீங்கள். அவள் கை நிற்கவில்லை, ஆனால் கண் உங்கள் மேல் இருந்தது. ஏதோ சொன்னாள். அது ஸ்பானிஷ்கூட இல்லை, அந்த மலைக்காரர்களின் சொந்தப் பேச்சு.

"ஆமா, ஆமா" என்றீர்கள், எல்லாம் புரிந்தவர் போல. பிறகு குரல் இறங்கியது. "மக இருக்கா. தங்கமான பிள்ள. ஆனா அவ முன்னால அழ முடியுமா? அவளும் தாயில்லாத பிள்ளதான. நானும் உக்காந்து அழுதா அவ யாருகிட்ட போவா?"

அந்தப் பெண் நெசவை நிறுத்தினாள். பக்கத்துக் கூடையிலிருந்து, சோள மடலில் பொதிந்து அவித்த ஒரு கொழுக்கட்டையை எடுத்தாள். மடலை உரித்து, ஆவி பறக்க, உங்கள் கையில் வைத்தாள். ஸ்வெட்டர் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை முழுவதும் தின்றீர்கள். அவள் இன்னொன்று கொடுத்தாள். அதையும் தின்றீர்கள்.

ஓடி வந்து உங்களைக் கட்டிக்கொள்ளத்தான் நினைத்தேன். வந்தால் பேச்சை நிறுத்திவிடுவீர்கள். அதனால் நின்றேன். நீங்கள் சொல்லி முடிக்கும்வரை நின்றுவிட்டு, சந்தின் மறுபக்கமாகச் சுற்றி வந்து, தூரத்திலிருந்தே "அப்பா! அப்பா!" என்று கூப்பிட்டேன்.

"எங்க போயிட்ட? இந்த அம்மாகிட்ட பேசிக்கிட்டு இருந்தேன்."

"என்னப்பா பேசுனீங்க?"

"சும்மா. ஊர்க் கதை."

கிளம்பும்போது அந்தப் பெண்ணுக்குக் கைகூப்பினீர்கள். அவளும் தன் கைகளைச் சேர்த்துக் காட்டினாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பேசினீர்கள். மலைச் சரிவில் உருளைக்கிழங்கு போட்டிருப்பதைக் காட்டினீர்கள், டிரைவர் ஓட்டும் வேகத்தைத் திட்டினீர்கள். ராத்திரி இரண்டாவது முறை சோறு கேட்டீர்கள். நான் வேலையை விடவில்லை.

டெல்லிக்குத் திரும்பிய பிறகு காய்கறிக்காரரோடு பேரம் பேசினீர்கள். மலைமந்திர் முருகன் கோயில் படிக்கட்டில் நண்பர்கள் சேர்ந்தார்கள். ஆனால் அந்த ஆரஞ்சுக் கதையை மட்டும் என்னிடம் சொல்லவில்லை. ஒருமுறை தென்காசிக்குப் போகும்போது ரயில் நாக்பூரில் நின்றது. நீங்கள் வெகுநேரம் பிளாட்பாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இப்போது சொல்வீர்கள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். "டீ வாங்கவாம்மா?" என்றீர்கள். "வாங்குங்கப்பா" என்றேன்.

போன குளிர்காலத்தில் நீங்களும் போய்விட்டீர்கள். காரியத்துக்கு வந்தவர்களிடம் சித்தப்பா, "நல்ல மனுஷன். ரெண்டு வார்த்தைக்கு மேல பேசமாட்டாரு" என்றார். எல்லோரும் ஆமோதித்தார்கள். நானும் தலையாட்டினேன். இப்போது அவர் வாரம் தவறாமல் போன் செய்து எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறார். "நல்லா இருக்கேன் சித்தப்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறேன். அதற்குப் பிறகு மறுநாள் ஆபீஸ் போகும்வரை என் குரலை நானே கேட்பதில்லை.

அப்பா, அன்று நான் துணிகளுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். ஒரு சொல் விடாமல் கேட்டேன். நீங்கள் அம்மாவைப் பற்றி அவ்வளவு நேரம் பேசினீர்கள். கேட்டவர்கள் இரண்டே பேர். ஒருத்திக்கு உங்கள் பாஷை தெரியாது. இன்னொருத்தி நான்.